பொருள்: ஐ.எம்.யு. – ‘நிலைம அளவீட்டு அலகு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

உடலின் அசைவை அளக்கும் ஐ.எம்.யு. (இனெர்ஷியல் மெஷர்மென்ட் யூனிட்) என்ற கருவிக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடி இரண்டு வாரமாக ஓடும் இந்த இழையை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இனியும் வாய் திறக்காவிட்டால் ‘நிலைம அளவீட்டு அலகு’ என்பதே முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் ஆகியோரின் நடையை அளப்பது என் வேலையில் ஒரு பகுதி. இடுப்பில் ஒன்று, தொடைகளில் இரண்டு, கெண்டைக்கால்களில் இரண்டு, பாதங்களில் இரண்டு என்று தீப்பெட்டி அளவு ஐ.எம்.யு. கருவிகளைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வோம். நோயாளிகள் அதை ‘வாட்ச்’ என்பார்கள். “தம்பி, அந்த வாட்சைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க.” நாங்களும் பேச்சில் சென்சார் என்றுதான் சொல்கிறோம். பேச்சுக்கு அது போதும். மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

ஐ.எம்.யு. என்ற மூன்று எழுத்தையும் வரிசையாகத் தமிழாக்கினால் கிடைப்பது நிலைம அளவீட்டு அலகு. நிலைமம் என்றால் ஒரு பொருள் தன் நிலையை விட மறுக்கும் இயல்பு. ஆனால் பள்ளி இயற்பியல் படித்த யாருக்கும் அலகு என்றால் மீட்டர், கிலோகிராம், வினாடிதான். ‘நிலைம அளவீட்டு அலகு எது?’ என்று தேர்வில் கேட்டால் கிலோகிராம் என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடலாம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். யோசிக்காமல் அதையே சொன்னார். பறவையின் அலகு வேறு இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

அலகை எடுத்துவிட்டாலும் ‘நிலைம அளவீடு’ மிச்சம் நிற்கிறது. நில அளவீடு நிலத்தை அளப்பது, வெப்ப அளவீடு வெப்பத்தை அளப்பது. அந்தப் பழக்கத்தில் நிலைம அளவீடு நிலைமத்தை அளப்பது என்றே காதில் விழும். கருவி அதைச் செய்வதில்லை. நிலைமத்தைக் கொண்டு அசைவை அளக்கிறது.

இதை மாணவர்களுக்குச் சொல்ல நான் பேருந்தைத்தான் பிடிப்பேன். ஜன்னலை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு உட்காருங்கள். ஓட்டுநர் பிரேக் போட்டால் உடம்பு முன்னால் போகிறது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் சாய்கிறீர்கள். வெளியே எதையும் பார்க்காமலே வண்டி என்ன செய்கிறது என்று தெரிந்துவிடுகிறது, உங்கள் உடம்பு தன் பழைய நிலையை விட மறுப்பதால். நம் உட்செவியும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. பக்கத்திலேயே நுண்கற்கள் படிந்த இரண்டு பைகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்கின்றன. நாங்கள் காலில் கட்டும் பெட்டியில் இருப்பதும் அதே கூட்டம்தான்: சுழற்சியை உணர ஜைரோஸ்கோப், முடுக்கத்தை உணர முடுக்கமானி. கூடுதலாகக் காந்தப்புலத்தைப் பார்க்க ஒன்று.

அப்படியானால் ‘நிலைம உணரி’ என்று வைத்தால் என்ன? உணரி என்பது சென்சார். நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்தேன். மின்விசிறி மின்சாரத்தை விசிறுவதில்லை, மின்சாரத்தால் விசிறுகிறது. மூன்றாம் வேற்றுமைத் தொகை. அதுபோல நிலைமத்தால் உணர்வது நிலைம உணரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வெப்ப உணரி, ஒளி உணரி என்று பக்கத்தில் வைத்தவுடன் சமாதானம் உடைந்துவிட்டது. அவை இரண்டும் இரண்டாம் வேற்றுமை: வெப்பத்தை உணர்வது, ஒளியை உணர்வது. ஆகவே என் முன்மொழிவு: நிலைமவழி உணரி. ‘வழி’ என்ற இரண்டெழுத்து வேற்றுமைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. முதல் முறை முழுப் பெயர், அப்புறம் உணரி என்றாலே போதும். நிலைமத்தைச் சடத்துவம் என்று படித்த இலங்கை நண்பர்களுக்குச் சடத்துவவழி உணரி. இரண்டு சொல்லும் இருந்துவிட்டுப் போகட்டும். நிலைமமா சடத்துவமா என்ற பஞ்சாயத்தை இந்த இழையில் தொடங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

> மெய்யுணரி என்று வைத்தால் என்ன? மெய் என்றால் உடல்தானே. அழகாகவும் இருக்கிறது.

இப்படிக் கேட்டவருக்கு: அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் காவல் நிலையத்தில் பொய் பேசுகிறவனுக்கு மாட்டும் கருவி போல இருக்கிறது. ‘அசைவுணரி’யைப் பலர் ஆதரித்திருந்தீர்கள். எனக்கும் பிடித்த சொல். ஆனால் மாடிப்படியில் ஆள் வந்தால் விளக்கை எரியவிடும் கருவிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அது உடல்வெப்பக் கதிரைப் பார்ப்பது, வேறு சாதி.

அடுத்து பெட்டிக்குள் இருப்பவை. ஜைரோஸ்கோப்புக்குச் சுழலாழி, கொட்புமானி என்று இரண்டு பெயர்கள் இழையில் வந்திருக்கின்றன. ஜைரோஸ்கோப் என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ, 1852இல். பூமியின் சுழற்சியைக் கண்ணால் காட்டுவதற்காக அவர் செய்த கருவிக்குள் ஓர் ஆழி (சக்கரம்) உண்மையிலேயே சுழன்றது. எங்கள் பெட்டிக்குள் எதுவும் சுழல்வதில்லை. சிலிக்கானில் செதுக்கிய துளியூண்டு பொருள் ஒன்று முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். கால் திரும்பினால், சுழற்சியின்போது அசையும் பொருளைத் திசைதிருப்பும் கோரியாலிஸ் விசையால் அது பக்கவாட்டில் விலகும். அந்த விலகலே அளவு. ஆழி இல்லாத இடத்தில் ஆழியை ஏன் பெயரில் வைக்க வேண்டும்? அளப்பது சுழலும் வேகத்தை, எனவே சுழல்வேகமானி. சுழற்சியைக் குறிக்கும் கொட்பு நல்ல பழஞ்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டைப் படிக்கும் பிள்ளை அகராதிக்கு ஓடக் கூடாது.

முடுக்கமானி விஷயத்தில் ‘அது முடுக்கத்தையே அளப்பதில்லை’ என்று இயற்பியல் ஆசிரியர் ஐயா எழுப்பிய ஆட்சேபம் சரியானது. மேசைமேல் சும்மா கிடக்கும் முடுக்கமானி 9.8 மீ/வி² என்று காட்டும். கையிலிருந்து தவறி விழுந்துகொண்டிருக்கும்போது சுழியம் காட்டும். முடுக்கத்தையே அளப்பதாக இருந்தால் நேர்மாறாக அல்லவா காட்ட வேண்டும்! தாங்கும் விசையைத்தான் அது உணர்கிறது. எங்களுக்கு அதில் லாபமும் உண்டு: புவியீர்ப்பின் திசை தெரிவதால்தான் தொடை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட முடிகிறது. ஆனாலும் பெயரை மாற்ற வேண்டாம் என்பேன். முடுக்கமானி நிலைத்துவிட்டது, ஆங்கிலத்திலும் இதே பிழை உண்டு. ஜைரோஸ்கோப்புக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா என்று கேட்டால் ஆமாம், இரட்டை நியாயம்தான். அங்கே நிலைத்த தமிழ்ச் சொல் இல்லை, இங்கே இருக்கிறது.

உடலில் அணிவது என்பதற்கு ‘கட்டுணரி’ என்றார் யாழ்ப்பாணத்து அண்ணா. நோயாளிகளின் வாய்மொழிக்கு அது நெருக்கம். தமிழில் பூவைச் சூடுகிறோம், மோதிரத்தைப் போடுகிறோம், வாட்சைக் கட்டுகிறோம். ஆனால் எல்லாம் கட்டுவதல்ல. தோலில் ஒட்டுவதும் உண்டு, காலணிக்குள் வைப்பதும் உண்டு. நடையை அளக்கும் இந்தத் துறையின் முன்னோடியான பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ழூல் மரே 1870களிலேயே காலணியின் அடியில் காற்றறை வைத்து, அதிலிருந்து குழாய் இழுத்து, நடப்பவரின் கையிலிருந்த பதிவுக் கருவியில் காலடிகளைக் கோடாக விழ வைத்தார். அதைக் கட்டுணரி என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தழுவுவது ‘அணி’தான். ஒரே தொல்லை, தமிழ்நாட்டுக் கணிதப் புத்தகத்தில் வரிசையும் நிரலுமாக எண்களை அடுக்குவதும் அணி. ‘அணியுணரியின் சுழற்சி அணி’ என்று ஒரு வரி என் வரைவில் வந்தே விட்டது. இலங்கையில் அதைத் தாயம் என்பதால் அவர்களுக்கு இந்த வலி இல்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ‘உடலில் அணியும் உணரி’ என்று விரித்து எழுதிவிட்டேன்.

இனி, எனக்கு உண்மையில் தூக்கம் கெட்ட இடத்துக்கு வருகிறேன். அடி.

வலது குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து இடது குதிகால் தொடுவது வரை ஒன்று. வலது தொடுவதிலிருந்து மீண்டும் வலதே தொடுவது வரை இன்னொன்று. இரண்டாவது, முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனிச் சொல் இருக்கிறது: ஸ்டெப், ஸ்ட்ரைட். நம்மில் இரண்டையும் ‘அடி’ என்றே எழுதுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை செய்தபோது, யாரோ மொழிபெயர்த்த படிவத்தில் இரண்டுமே ‘அடி நீளம்’. ஒரு பெரியவருக்கு 52 செ.மீ. என்று ஒரு மாதமும் 104 செ.மீ. என்று அடுத்த மாதமும் பதிவாகியிருந்தது. பிரமாதமான முன்னேற்றம் என்று வீட்டாருக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். பெரியவர் நடந்தது என்னவோ அதே நடைதான்.

அத்தோடு முடியவில்லை. அடி என்பது நீளத்தை அளக்கும் அலகும்கூட. ஜப்பானில் 1965இல் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவிக்கு ‘மன்போ-கெய்’ என்று பெயர் வைத்தார்கள்: பத்தாயிரம் காலடி மானி. பெயருக்காக வைத்த எண் உலகம் முழுக்க உடல்நல இலக்காகவே மாறிவிட்டது. (பெயர் சூட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.) அதையே தமிழில் ‘தினமும் 10,000 அடி நடங்கள்’ என்று எழுதினால், 10,000 அடி சுமார் 3 கிலோமீட்டர். காலடி ஒன்றுக்கு 70 செ.மீ. என்று வைத்தால் 10,000 காலடி 7 கிலோமீட்டர். பாதிக்கும் குறைவாக நடந்துவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

எனவே முதலாவதுக்கு, அதாவது ஸ்டெப்புக்கு, காலடி. வெறும் அடி எங்கும் வேண்டாம். ‘எட்டு’ என்ற சொல்லும் பரிசீலனைக்கு வந்தது. ‘ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா’ என்கிறோமே, அந்த எட்டு. உயிருள்ள சொல். ஆனால் ‘நோயாளி எட்டு எட்டு வைத்தார்’ என்ற வரியை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவதுக்கு, அதாவது ஸ்ட்ரைடுக்கு, ‘ஈரடி’ என்று நினைத்து மகிழ்ந்தேன். குறளுக்குப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் ‘ஈரடி நீளம் 1.4 மீட்டர்’ என்று எழுதியதும் மகிழ்ச்சி போய்விட்டது. இரண்டு அடி எப்படி 1.4 மீட்டர் ஆகும்? அப்புறம் வந்து நின்ற இடம் இணையடி. வலமும் இடமும் சேர்ந்த ஒரு சோடி, நீள அலகோடு மோதாது. தேவாரம் படித்தவர்களுக்குக் கும்பிடத் தோன்றும் என்று என் அம்மா சொன்னார். அது குறையா நிறையா தெரியவில்லை.

உணரியின் சிறு பிழை நேரம் ஆக ஆகப் பெருகுவதை ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள், அது பற்றிச் சுருக்கமாக. விலகல் என்றால் புள்ளியியலோடு மோதுகிறது. நான் நழுவல் என்கிறேன். உணரியின் சாய்வைக் கணக்கிடுவதில் 1 பாகை தவறினால் போதும், புவியீர்ப்பில் ஒரு கீற்று முடுக்கமாக உள்ளே கசிந்துவிடும், சுமார் 0.17 மீ/வி². அதை இரண்டு முறை தொகையிட்டு (முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து இடம்) இடத்தைக் கண்டால், 10 வினாடியில் அசையாமல் நிற்கும் ஆளை 8 மீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்தியிருக்கும் கணக்கு. வழுக்குத் தரையில் கால் மெல்ல மெல்லப் போவது போல, ஒரே திசையில், தன்பாட்டில். நழுவல் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. பாதத்தில் கட்டிய உணரிக்கு நல்ல காலம்: ஒவ்வொரு முறை பாதம் தரையில் ஊன்றும்போதும் ஒரு கணம் வேகம் சுழியமாகிறது, அங்கே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். அந்தத் திருத்தத்துக்கு ‘ஊன்றல் திருத்தம்’ என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இழையில் யாரும் தொடாதது. பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் வாசற்படியிலோ திரும்பும் இடத்திலோ சட்டென்று நின்றுவிடுவார்கள். கால் எழாது. ஆங்கிலத்தில் நடை உறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வரைவில் ‘நடை உறைவு’ என்று எழுதினேன், பக்கவாதப் பிரிவில் வேலை செய்யும் தோழி அடித்துவிட்டார். அங்கே உறைவு என்றால் இரத்த உறைவு. அந்தச் சொல்லைக் கேட்டால் வீட்டார் முகம் வெளுத்துவிடும். இன்னொன்றும் சொன்னார்: கால் உறைந்தா போகிறது? உணரியின் பதிவைப் பார் என்றார். உண்மைதான். நடையின் அசைவு பெரும்பாலும் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். இந்த நேரத்தில் கெண்டைக்கால் 3 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை நடுங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் கருவி அதைக் கண்டுபிடிக்கிறது. நோயாளியைக் கேட்டால் “போகணும்னுதான் பாக்குறேன், தரை விடமாட்டேங்குது” என்பார். முயன்று முயன்று முடியாமல் நடுங்குவதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: திணறல். மூச்சுத்திணறல் எல்லோருக்கும் தெரியும். நடைத்திணறல் என்று எழுதிவிட்டேன்.

கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. நிலைமவழி உணரி, சுழல்வேகமானி, நழுவல் மூன்றிலும் எனக்கு ஓரளவு உறுதி இருக்கிறது. இணையடியில்தான் இல்லை. அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள், பக்கம் 14, 15 இரண்டையும் இன்னும் கட்டமைக்காமல் வைத்திருக்கிறேன்.