குண்டு போன தூரமும் நடந்து போன தூரமும்: பசங்களுக்கு அமெரிக்க வரலாற எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு கடலூர் தேவனாம்பட்டினம். எங்க தெரு நூலகத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழாவது எட்டாவது படிக்கிற பசங்களுக்கு வரலாறு சொல்லிக்கிட்டிருக்கேன், அடுத்த வாரம் அமெரிக்கா. போன வாரம் அத சொன்னதுமே ஒரு பொண்ணு எழுந்து "அங்க வெறும் காடுதான சார் இருந்துச்சு, கொலம்பஸ் போயிதான கண்டுபிடிச்சாரு"ன்னு கேட்டுச்சு. அது மேல தப்பில்ல, அது படிச்ச புக்கே 1492லதான் ஆரம்பிக்குது. நம்ம ஊரு செயின்ட் டேவிட் கோட்டைய இங்கிலீஷ் கிழக்கிந்திய கம்பெனி வாங்குனப்ப சென்னைல கவர்னரா இருந்த எலிஹு யேல் பாஸ்டன்ல பொறந்தவர், அவர்கிட்டருந்து புடிச்சா பசங்க ஆர்வமா கேப்பாங்களோன்னு தோணுது. ஒரு மணி நேரம்தான் கைல இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க.

மிஷன்வீதி:
அண்ணா, யேல்ல ஆரம்பிக்காதீங்க. அவர் பாஸ்டன விட்டு கிளம்புனப்ப சின்ன குழந்தை, திரும்பி அந்தப் பக்கமே போகல. 1718ல அங்க இருந்த ஒரு காலேஜுக்கு, இப்ப யேல் பல்கலைக்கழகம், 9 மூட்டை சரக்கும் 417 புத்தகமும் இங்கிலாந்து ராஜா படம் ஒண்ணும் அனுப்பி வெச்சார், சரக்க வித்ததுல 562 பவுண்டு வந்துச்சு, அதுக்குத்தான் அந்த காலேஜுக்கு அவர் பேரு. சொல்ல வேண்டிய கதைதான், ஆனா நடுவுல.

அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியிலயே ஆரம்பிங்க. வெறும் காடு இல்லம்மா, மிசிசிப்பி ஆத்துப் பக்கம், இப்ப செயின்ட் லூயிஸ் இருக்கிற இடத்துக்கு எதிர்க்கரைல, கஹோகியான்னு ஒரு பெரிய ஊரே இருந்துச்சு, 1100 வாக்குல பத்தாயிரத்துக்கு மேல ஜனம், கூடை கூடையா மண்ணு சுமந்து கொட்டி கிட்டத்தட்ட 100 அடி உசரத்துக்கு ஒரு மேடு கட்டியிருக்காங்க, அது இன்னைக்கும் நிக்குது. நம்ம பக்கம் கங்கைகொண்ட சோழபுரம் தலைநகரா இருந்த அதே காலம்னு சொன்னா பசங்களுக்கு சட்டுனு பிடிபடும். அப்புறம் நியூயார்க் பக்கம் ஹோடெனோஷோனின்னு பழங்குடி ஜனங்களோட கூட்டமைப்பு: மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனகான்னு அஞ்சு நாட்டு ஜனம் சேர்ந்தது, 1722ல டஸ்கரோராவும் சேர்ந்து ஆறாச்சு. அங்க தலைவர தேர்ந்தெடுக்கிறதும், சரியில்லன்னா எடுத்துடறதும் குலத்துல மூத்த பொம்பளைங்க கைல. இத கட்டாயம் சொல்லுங்க, கேள்வி கேட்டது பொண்ணாச்சே.

பண்ருட்டிக்காரி:
சாப்பாட்ட விட்டுட்டீங்களே! எங்க ஊரு முந்திரி பிரேசில் பக்கத்து மரம், போர்ச்சுக்கீசியர் கொண்டாந்தது. மல்லாட்டைன்னு சொல்ற வேர்க்கடலை, மிளகா, கொய்யா எல்லாமே அந்த கண்டத்து ஜனங்க வளத்து பழக்குனதுதான். வட அமெரிக்காவுல மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூணையும் ஒரே குழில போடுவாங்க, சோளத்தட்டைல கொடி ஏறும், பூசணி எல தரைய மூடி ஈரத்த காக்கும், களையும் வராது. எங்க கொல்லைல ஒரு தடவ அப்படியே போட்டுப் பாத்தேன், ஒரு மாசத்துக்கு களக்கொட்டு எடுக்கவே இல்ல. காட்டு ஜனம்னு சொல்றவங்களுக்கு இந்த விவசாயத்த காட்டணும் சார்.

பழையகோட்டை:
தம்பி, நான் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், ஒரு வழி சொல்றேன். நம்ம பசங்களுக்கு பக்கத்துல இருக்கிற குண்டு உப்பலவாடி ஊரு தெரியும், அந்த "குண்டு" எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, பாதிப் பேருக்கு தெரியாது. 1690ல செஞ்சில இருந்த மராட்டிய ராஜாராம்கிட்ட கோட்டைய வாங்கறப்ப, பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் கம்பெனிக்குன்னு பேச்சு, சென்னைலருந்து பீரங்கி வந்து நாலு பக்கமும் சுட்டாங்க, உள்ள வந்த ஊரெல்லாம் குண்டு கிராமம் ஆயிடுச்சு. இத சொல்லிட்டு நேரா பென்சில்வேனியாவுக்கு போங்க. 1737. டெலவேர் ஆத்தங்கரைல லெனாபேங்கிற பழங்குடி ஜனம். பென்சில்வேனியாவ நிறுவுன வில்லியம் பென்னோட பசங்க 1686ல எழுதுனதுன்னு ஒரு பழைய பத்திரத்த காட்டி, ஒன்றரை நாள்ல ஒரு ஆள் நடக்கிற தூரம் எங்களுக்குன்னாங்க. லெனாபே ஜனம் நினைச்ச நடை வேற, நடந்து, உக்காந்து, சாப்ட்டு, புகை பிடிச்சு போற நடை. பென் குடும்பம் முன்னாடியே காட்ட வெட்டி வழி போட்டு, வேகமா போற மூணு ஆள புடிச்சு விட்டுச்சு. ரெண்டு பேர் நடுவுலயே முடியாம நின்னுட்டாங்க, எட்வர்ட் மார்ஷல்னு ஒருத்தர் மட்டும் 65 மைலுக்கு குறையாம போய் சேந்தார், நம்ம கடலூர்லருந்து சிதம்பரம் போய் திரும்பி வர்ற தூரத்த விட ஜாஸ்தி. அதுக்கப்புறம் நிலத்தோட எல்லைக் கோட்டையும் பென் குடும்பம் தங்களுக்கு தோதா சாய்ச்சுப் போட்டு சுமார் 12 லட்சம் ஏக்கர எடுத்துக்கிட்டாங்க.

மிஷன்வீதி:
சார் சொன்னது ரொம்ப சரி, ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு பசங்க மனசுல பதிஞ்சிடக் கூடாது. இங்க குண்டு விழுந்த ஊர்ல நெசவாளி தறிய விட்டு எழுந்திருக்கல, வரி வாங்கற கைதான் மாறிச்சு, கம்பெனிக்கு வேணும்னது துணி. அங்க வந்தவங்களுக்கு வேணும்னது மண்ணு, லெனாபே ஜனம் வீட்டையும் வயலையும் விட்டுட்டு மேற்க போக வேண்டியதாச்சு. அவங்க போய் ஹோடெனோஷோனிகிட்ட முறையிட்டாங்க, 1742ல ஒனன்டாகா தலைவர் கனசடேகோ இங்கிலீஷ்காரன் பக்கமே பேசி இவங்கள கிளம்பச் சொல்லிட்டார். இதையும் மறைக்காதீங்க அண்ணா, அங்க இருந்தவங்களும் நம்மள மாதிரி தனித்தனி அரசியல் உள்ள ஜனங்கதான்.

முடிக்கிறதுக்கு 1763 வெச்சுக்கோங்க. பாரிஸ்ல ஒரே ஒப்பந்தம், அதுல எங்க புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கைக்கு திரும்பிச்சு, கனடாவும் மிசிசிப்பிக்கு கிழக்க இருந்த நிலமும் இங்கிலீஷ்காரனுக்கு போச்சு. அந்த மண்ணுல இருந்தவங்கள யாரும் கூப்பிட்டுக் கேக்கல. அதே வருஷம் ஒடாவா பழங்குடித் தலைவர் பான்டியாக் இங்கிலீஷ்காரன எதிர்த்து போர்ல எறங்கினார்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. கஹோகியால ஆரம்பிக்கிறேன், அக்கா சொன்ன மூணு பயிரையும் போர்டுல வரைஞ்சு காட்டுறேன். வாத்தியார் சார் சொன்னதுக்கு மட்டும் பசங்கள நூலகத்துலருந்து சில்வர் பீச்சுக்கு கூட்டிட்டு போயிடறேன், ஒரே இடத்துலருந்து ஒரு பையன வேடிக்கை பாத்துக்கிட்டு நடக்க விட்டு, இன்னொருத்தன ஓட விட்டு, பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் நிக்கிற இடத்துல ஆளுக்கொரு குச்சி நட்டுடுவோம். கேள்வி கேட்ட பொண்ணுதான் விசில் ஊதப்போவுது.