மறுமொழி: ‘சுழற்சி மையம்’ வேண்டாம், ‘சுழலிடம்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியைத் தமிழாக்கும்போது ஒரு கேள்வி எழுந்தது: ஒரு பொருளைச் சுழற்றும்போது எந்தப் புள்ளி மட்டும் அசையாமல் நிற்கிறதோ, அதற்கு என்ன பெயர்? இதுவரை ‘சுழற்சி மையம்’, ‘அச்சுப்புள்ளி’, ‘நங்கூரப்புள்ளி’ என மூன்று சொற்கள் வந்துள்ளன. திருகோணமலையில் பிள்ளைகளுக்கு வரைகலை கற்பிப்பவன் என்ற முறையில், மூன்றைப் பற்றியும் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

குழுவில் எல்லோரும் இங்க்ஸ்கேப் பயன்படுத்துபவர்கள் அல்லர் என்பதால் முதலில் சிறு விளக்கம். தேர்வுக் கருவியால் பொருளை ஒருமுறை சொடுக்கினால் அளவை மாற்றும் அம்புகள் வரும். மறுபடி சொடுக்கினால் மூலைகளில் வளைந்த அம்புகளும் நடுவில் ஒரு சிறு சிலுவைக் குறியும் தோன்றும். அந்தக் குறியைப் பற்றித்தான் பேசுகிறோம். அதை இழுத்து எங்கும் வைக்கலாம், பொருளுக்கு வெளியிலும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு குறியைச் சொடுக்கினால் அது மீண்டும் நடுவுக்கு வந்துவிடும்.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா அறிவித்தலுக்குத் தாமரை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழை வரைந்து, குறியைத் தொடாமல் சுழற்றினால் இதழ் தன் இடுப்பைச் சுற்றியே திரும்பும்; எடுக்கும் நகல்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழும். குறியை இதழின் அடிநுனிக்கு இழுத்து வைத்துவிட்டு, கண்ட்ரோல் விசையுடன் சுழற்றினால் 15 பாகை 15 பாகையாக நகரும். 45 பாகைக்கு ஒருமுறை இடைவெளி விசையைத் தட்டி நகல் விட்டுக்கொண்டே போனால் எட்டிதழ்த் தாமரை விரியும். குறியை அடிநுனிக்கும் சற்று வெளியே வைத்தால் நடுவில் பொகுட்டுக்கு இடம் கிடைக்கும். இந்த வேலை முழுவதும் அந்தப் புள்ளி நடுவில் இல்லாமல் இருப்பதால்தான் நடக்கிறது.

ஆகவேதான் ‘சுழற்சி மையம்’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனமில்லை. கணிதத்தில் அது சரியான சொல், அதில் ஐயமில்லை. ஆனால் செயலியின் திரையில் ‘மையம்’ என்றால் பொருளின் நடு என்றே பயனர் எடுத்துக்கொள்வார். ஒழுங்குபடுத்தும் பலகத்திலும் உரைச் சீரமைப்பிலும் அந்தப் பொருளில்தான் அது வருகிறது. ஷிஃப்ட் சொடுக்குக்கான உதவிக்குறிப்பை எழுதிப் பாருங்கள்: ‘சுழற்சி மையத்தை மையத்துக்குத் திருப்பு’. முதன்முறை கணினியைத் தொடும் பிள்ளை இதை எப்படி விளங்கிக்கொள்ளும்?

‘அச்சுப்புள்ளி’ இரண்டாவது. வேறு துறையாக இருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். இங்கே நாம் பேசுவது அச்சகத்துக்குப் போகும் வேலை. அச்சு என்றால் அச்சிடுதல், அச்சுப்புள்ளி என்றால் தாளில் விழும் மைப்புள்ளி. பிரதான வீதி அச்சகம் எதிலும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதோடு முப்பரிமாண வரைகலையில் அச்சு என்பது கோடு. புள்ளிக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் பிளெண்டர் என்ற முப்பரிமாணச் செயலியை மொழிபெயர்க்கும்போது தடுமாறுவோம்.

‘நங்கூரப்புள்ளி’ அழகான சொல். நம்முடைய உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்குத் தக்கபடி திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, திரும்பும் புள்ளி பொருளுக்கு வெளியே இருக்கலாம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் சிக்கல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அசைபடச் செயலியான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘anchor point’ என்ற பெயர் பொருள் எதைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தப் புள்ளியைக் குறிக்கிறது. வரைகலைச் செயலியான இல்லஸ்ட்ரேட்டரிலோ பாதையின் (வரைந்த கோட்டின்) கணுக்கள் ஒவ்வொன்றுக்கும் அதே பெயர். இரண்டையும் ஒருவரே பயன்படுத்துகிறார். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

என் முன்மொழிவு: சுழலிடம்.

‘சுழல்புள்ளி’ என்று வைத்தால் என்ன குறை என்று கேட்பீர்கள். சுழல்காற்று போல, தானே சுழலும் புள்ளி என்ற பொருள்தான் அதில் முந்திக்கொண்டு வரும். நமக்கு வேண்டியதோ தான் அசையாமல் நின்று மற்றதைச் சுழலவிடும் ஒன்று. ‘இடம்’ சேரும்போது அந்த மயக்கம் இல்லை: உறைவிடம் உறைவதில்லை, புகலிடம் புகுவதில்லை. இடம் என்றால் பரப்பு அல்லவா, புள்ளி ஆகுமா என்ற தடை வரலாம். ‘வல்லினம் மிகுமிடம்’ என்று இலக்கணம் சொல்லும் இடத்துக்குப் பரப்பு ஏது? வேற்றுமை உருபும் இயல்பாகச் சேர்கிறது: சுழலிடத்தை நகர்த்து, சுழலிடத்தைப் பொருளின் மையத்துக்குத் திருப்பு, சுழலிடத்தில் ஒட்டு. ‘சுழற்று’ என்ற கட்டளையின் பக்கத்தில் வைத்தால் வேர் ஒன்று என்பது கண்ணுக்கே தெரியும்.

இந்தச் சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் இதற்கு நிகரான பண்பு (transform-origin) சுழற்றலை மட்டுமல்லாமல் அளவு மாற்றத்தையும் சாய்வையும் ஆள்கிறது. அங்கே சுழலிடம் என்றால் குறைபடும். ‘உருமாற்ற’ என்று தொடங்கும் சொல் ஒன்று வேண்டும். அதன் மறுபாதி, அதாவது ‘origin’, இலங்கைக் கணித நூல்களின் ‘உற்பத்தி’யா, தமிழ்நாட்டின் ‘ஆதிப்புள்ளி’யா என்பதற்குத் தனி இழை தொடங்குவோம்.

இப்போதைக்கு இங்க்ஸ்கேப் மொழிபெயர்ப்புக் கோப்பில் உள்ள சரங்களுக்கு (திரையில் தோன்றும் சொற்றொடர்களுக்கு) சுழலிடம் போதும். தமிழ்நாட்டு நண்பர்கள் காதுக்கு இது எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு, அந்த ஷிஃப்ட் உதவிக்குறிப்பையும் அதே சொல்லில் எழுதிக் காட்டுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து