கருப்பு பெரே தொப்பியை எல்லாருக்கும் கொடுத்தது சரியா?

அணிவகுப்பு:
2001 ஜூன் 14 முதல் அமெரிக்கத் தரைப்படை முழுவதற்கும் கருப்பு பெரே, அதாவது விளிம்பில்லாத தட்டைக் கம்பளித் தொப்பி. அதுவரை அது ரேஞ்சர்கள் என்ற சிறப்புக் காலாட்படையினரின் அடையாளம். அவர்கள் வெளிர்பழுப்புக்கு மாற வேண்டியதாயிற்று. தளபதி ஷின்செகி சொன்ன காரணம் படையின் ஒற்றுமை. பாடுபட்டு வாங்கியதை எல்லார் தலையிலும் வைத்தால் அதற்கு என்ன மதிப்பு?

சங்கிலிச்சக்கரம்:
கருப்பு பெரே அலங்காரத்துக்காகப் பிறந்ததில்லை நண்பரே. 1918இல் பிரெஞ்சு மலைப்படையினர் அணிந்திருந்ததைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் டாங்கிப் படைத் தளபதி ஹியூ எல்லிஸ் இதைப் பிடித்துக்கொண்டார். முன்விளிம்பு வைத்த தொப்பியோடு குறிநோக்கியில் கண் வைக்க முடியாது. எண்ணெய்க்கறை தெரியாமலிருக்கக் கருப்பு. மலைப்படையின் தொப்பி மிகப் பெரிது, பாஸ்க் தொப்பி மிகச் சிறிது என்று நடுவில் ஓர் அளவு எடுத்தார்கள். 1924இல் அது முறையான சீருடையானது.

அணிவகுப்பு:
சரி, டாங்கியே ஏறாதவருக்கு எதற்கு? விளிம்பில்லை, வெயில் நேரே கண்ணில். கம்பளி வேறு. ஒரு கையால் போடவும் முடியாது. 2011இல் களச்சீருடைக்கு விளிம்புத் தொப்பியே திரும்பி வந்ததே!

நூலிழை:
வெயில் விஷயம் உண்மை. ஆனால் தலையில் தோசை போல் உட்கார்வது தொப்பியின் குற்றமில்லை, பதப்படுத்தாத குற்றம். மேல்பிசிறைச் சவரக்கத்தியால் ஒரே திசையில் வழித்தெடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனையுங்கள். கொதிநீர் என்றால் கம்பளி சுருங்கிவிடும். ஓரப்பட்டை புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தரைக்கு இணையாக. சின்னம் இடக்கண்ணுக்கு மேல், மிச்சத் துணி வலக்காதுப் பக்கம் இழுபட வேண்டும். தலையிலேயே காய வேண்டும். கழற்றி வைத்துக் காயவிட்டால் உச்சி குமிழாகப் புடைத்து நிற்கும். பின்கயிற்றைக் காய்ந்த பிறகே முடிந்து வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் தளர்த்த வழியில்லை.

சங்கிலிச்சக்கரம்:
பகிர்ந்தால் மதிப்புப் போகும் என்பதையும் நான் ஏற்கவில்லை. வாட்டர்லூ வெற்றிக்காக 1815இல் பிரிட்டிஷ் அரச காவல்படைகளில் ஒன்றான கிரெனடியர் கார்ட்ஸ் முழுவதற்கும் கரடித்தோல் தொப்பி கிடைத்தது. 1831இல் மற்ற காவல்படைகளான கோல்ட்ஸ்ட்ரீம், ஸ்காட்ஸ் படைகளுக்கும் கொடுத்தார்கள். பெருமை குறையவில்லை, ஏனென்றால் இறகு வேறு: கிரெனடியருக்கு இடப்பக்கம் வெள்ளை, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு வலப்பக்கம் சிவப்பு, ஸ்காட்ஸுக்கு இறகே இல்லை. 2001இல் சறுக்கியது இங்கேதான். சின்னத்துக்குப் பின்னால் தைக்கும் துணி பெரும்பாலான பிரிவுகளுக்கு ஒன்றே, நீலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள்.

அணிவகுப்பு:
துணி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மற்றதில் இல்லை. கோல்ட்ஸ்ட்ரீமுக்குக் கொடுத்தபோது கிரெனடியர் தம் தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ரேஞ்சர்கள் கழற்றினார்கள்.