பழைய சுருட்டுப் பெட்டியில் நாற்றம் போகவில்லை, அவசர உதவி தேவை

இரவுப்பறவை:
நண்பர்களே, அவசரம். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஹியூமிடார் (சுருட்டு காய்ந்துவிடாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். திறந்தால் நாற்றம் அடிக்கிறது. துடைத்தேன், இரண்டு நாள் திறந்து வைத்தேன், காபித்தூள்கூட வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் கொடுத்தாக வேண்டும். என்ன செய்யலாம்?

அரைச்சுருட்டு:
என்ன நாற்றம்? பூசணமா, அந்துருண்டையா, வெனிலாவா, அம்மோனியாவா? எதைத் தொட்டுத் துடைத்தீர்கள்? உள்ளே பதித்திருப்பது மரமா, வெல்வெட்டா? "நாற்றம்" என்று மட்டும் சொன்னால் மூக்கை அனுப்பி வையுங்கள் என்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.

உப்புத்தாள்:
யோசிக்கவே வேண்டாம், தேய்த்துவிடுங்கள். 220ஆம் எண் உப்புத்தாள், இழை போகும் திசையிலேயே, லேசான கையால். நாற்றம் மேல்தோலில்தான் உட்கார்ந்திருக்கும். அது போனால் புது மரத்தின் மணம் தானாக எழும்பும். தூளைத் தூசி உறிஞ்சியால் எடுங்கள், ஈரத்துணியால் வேண்டாம். முடித்த பிறகு உள்ளே எண்ணெயோ வார்னிஷோ பூசிவிடாதீர்கள். அப்புறம் மரம் ஈரத்தை வாங்கவும் செய்யாது, விடவும் செய்யாது.

கரிக்கட்டை:
எடுத்த எடுப்பில் தேய்ப்பதா? உட்பலகை மெல்லிய ஒட்டுப்பலகையாக இருந்தால் இரண்டே இழுப்பில் பசை தெரிந்துவிடும். மீன்தொட்டி வடிகட்டியில் போடுவார்களே, செயலூட்டிய கரி, அதை ஒரு கிண்ணத்தில் வைத்துப் பெட்டியை மூடுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். பெரும்பாலான நாற்றங்களைக் கரி இழுத்துக்கொள்ளும்.

மூன்றாம்தட்டு:
மூடியின் உட்புறத்தில் ஈரப்பதமூட்டி ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

பெட்டிவைத்தியர்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், மாதந்தோறும் நானும் இதையே எழுதுகிறேன். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் கிடைக்காதவர்களுக்குப் பெட்டியைப் பராமரிக்க இரண்டு வாரம் எங்கிருந்து கிடைக்கும்? காபித்தூள் நாற்றத்தை எடுக்காது, மரத்துக்கு இரண்டாவது நாற்றத்தைக் கொடுக்கும். இது அரிச்சுவடி.

இரவுப்பறவை:
சாதாரண நாற்றம்தான். ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே மரம். மூடியில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வினிகர் தெளிக்கலாமா?

அரைச்சுருட்டு:
சாதாரண நாற்றம் என்று ஒரு வகை இருக்கிறதா? வினிகர் வேண்டவே வேண்டாம், மரம் அதையும் குடித்து வைத்துக்கொள்ளும். சோப்பு, பிளீச்சிங் கரைசல், வாசனை தெளிப்பான் எல்லாவற்றுக்கும் இதே பதில். சோடா உப்பு யாராவது சொல்வார்கள். புளித்த வகை நாற்றத்தில்தான் அது ஓரளவுக்கு உதவும், அந்துருண்டையை ஒன்றும் செய்யாது. அந்துருண்டை என்றால் நல்ல காற்றோட்டமும் மிதமான வெதுவெதுப்பும் போதும், நாப்தலீன் தானாகவே ஆவியாகிப் போகும். உச்சி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மூலைப் பொருத்துகள் வாய் பிளந்துவிடும்.

உப்புத்தாள்:
ஈரத்துணியால் துடைத்தீர்களா! தேவதாருப் பலகை தண்ணீரைக் கண்டால் உப்பும். மூடி சரியாகப் படிகிறதா என்று முதலில் பாருங்கள்.

வேம்பன்:
ஒரு சிறு திருத்தம். அது தேவதாரு இல்லை. ஹியூமிடார்களுக்குள் பெரும்பாலும் பதிப்பது "ஸ்பானிஷ் சிடார்". அது ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை, தேவதாரு இனமான சிடாரும் இல்லை. மத்திய, தென் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வளரும் செட்ரேலா ஒடோராட்டா. 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். குடும்பம் எதுவென்றால் மீலியேசியே, நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்திருக்கும் குடும்பம். தேவதாரு பைன் குடும்பம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உப்புத்தாள்:
முப்பது ஆண்டுகளாக இழைப்புளி பிடிக்கிறேன். மரம் விற்பவர் தேவதாரு என்கிறார், வாங்குபவர் தேவதாரு என்கிறார். லின்னேயஸ் வந்து என் பட்டறையில் கேட்கப் போகிறாரா?

வேம்பன்:
பெயர் மாறினால் வேலையும் மாறும் ஐயா. தேவதாருவில் எண்ணெய் அதிகம், அந்தக் காரம் சுருட்டின் சுவையில் ஏறிவிடும். யாராவது உங்கள் சொல்லை நம்பி உண்மையான தேவதாருப் பலகையை வாங்கி உள்ளே பொருத்தினால் என்ன ஆகும்?

பெட்டிவைத்தியர்:
செட்ரேலாவிலும் பிசின் கசியும் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், வேம்பன். பாதி அறிவு ஆபத்து.

வேம்பன்:
கசியாது என்று நான் எங்கே சொன்னேன்?

கரிக்கட்டை:
கேள்வி கேட்டவர் எழுந்து போய்விட்டார், நீங்கள் தாவரவியல் வகுப்பு நடத்துகிறீர்கள். கரி வைத்தாரா இல்லையா?

மூன்றாம்தட்டு:
இரவுப்பறவை, மறுபடியும் கேட்கிறேன். மூடியின் உட்புறத்தில் வட்டமாகவோ நீளமாகவோ, துளையிட்ட கறுப்பு பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா? பித்தளை நிற மூடி போட்டும் வரும். பெரும்பாலும் காந்தத்தில்தான் நிற்கும், பார்த்தால் பெட்டியோடு பிறந்தது போலவே இருக்கும்.

இரவுப்பறவை:
மன்னிக்கவும், வேலை. நாற்றத்தைச் சரியாகச் சொல்வதென்றால், மழையில் நனைந்த செருப்பை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது போல. கொஞ்சம் இனிப்பும் கலந்திருக்கிறது. கறுப்பு வட்டம் ஒன்று இருக்கிறது, அது அலங்காரம் என்று நினைத்தேன்.

மூன்றாம்தட்டு:
அலங்காரம் இல்லை, அதுதான் ஈரப்பதமூட்டி. உள்ளே பூ அலங்காரத்துக்குப் பயன்படும் பச்சை நுரைக்கட்டி இருக்கும். அதில் காய்ச்சி வடித்த நீர், அல்லது அந்த நீரும் புரொப்பிலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கரைசல் ஊற்ற வேண்டும். முன்பு வைத்திருந்தவர் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் பூசணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்றிரவு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தட்டு, தடுப்புப் பலகை, ஈரப்பதமானி, அந்தக் கறுப்பு வட்டம், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வெறும் பெட்டியையும் மூடி வையுங்கள். காலையில் காபி குடிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். குற்றவாளி தானே கையைத் தூக்கும்.

மரத்தில் வெள்ளையாகப் பொடிபோல் படர்ந்திருந்தால் பூசணம். அடர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பு பக்கத்தில் வேண்டாம். விரலில் ஒட்டும் தேன்நிறத் துளி என்றால் பிசின், அதுவும் இதே ஆல்கஹாலில் போகும்.

ஓசோன்பிரியன்:
ஓசோன் இயந்திரம் ஒரு மணி நேரம். முடிந்தது கதை.

அரைச்சுருட்டு:
ரப்பர் விளிம்பின் கதையும் சேர்ந்து முடியும். அதை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. பூட்டைத் திறக்கக் கதவைக் கொளுத்துவானேன்?

இரவுப்பறவை:
கறுப்பு வட்டம்தான்! பையைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நகத்தால் நெம்பினேன், நுரை பச்சையாகவே இல்லை, அடுப்புக் கரி மாதிரி இருந்தது, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. தூக்கி எறிந்துவிட்டேன். வெறும் பெட்டியில் லேசாக மரவாசனைதான் வருகிறது. அனைவருக்கும் நன்றி.

பெட்டிவைத்தியர்:
ஈரப்பதமூட்டியை ஆண்டுக்கொருமுறையாவது பாருங்கள் என்று பழைய பதிவில் எழுதியிருக்கிறேன். தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

கரிக்கட்டை:
மிச்சம் இருக்கும் வாசனைக்குக் கரி வையுங்கள்.

மூன்றாம்தட்டு:
மகிழ்ச்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமையே சுருட்டை உள்ளே வைக்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் திறந்தே கிடந்த மரம் காய்ந்திருக்கும், சுருட்டில் இருக்கும் ஈரத்தை அது குடித்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதத்தை 84 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பைகளை உள்ளே போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள், இடையில் திறந்து எட்டிப் பார்க்காமல். பிறகு 65 அல்லது 69 சதவீதப் பைக்கு மாறலாம்.

ஈரப்பதமானியையும் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு ஈரமணல் பதத்துக்கு நீர் சேர்த்து, மானியோடு ஒரே பையில் அடைத்து ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். அது எந்த வகைப் பெட்டி, எத்தனை சுருட்டு பிடிக்கும் என்று சொன்னால் எத்தனை பை வேண்டும் என்றும் சொல்கிறேன்.

உப்புத்தாள்:
எதற்கும் ஒரு தடவை தேய்த்துவிட்டால் நல்லது.

வேம்பன்:
தேய்ப்பது செட்ரேலாவையா, தேவதாருவையா?

மூன்றாம்தட்டு:
இரவுப்பறவை, எத்தனை சுருட்டு பிடிக்கும் என்று சொல்லவில்லையே?

அரைச்சுருட்டு:
ஞாயிறு போய்த் திங்களும் வந்துவிட்டது. மாமனார் சுருட்டை உள்ளே வைத்துவிட்டாரா?