பழைய குடும்பப் படம்: காலில் இருப்பது கிளாக்கா, பூட்ஸா?

தறிநாடா:
கணவர் வழித் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம். இங்கிலாந்து, லங்காஷயரில் பர்ன்லி. வீட்டு வாசலில் நிற்கிறார்கள், பாட்டி தோளில் சால்வை. இருவர் காலிலும் கனத்த காலணி. தொழிலாளிகள் போட்ட 'கிளாக்' (clog) என்கிறார்கள் வீட்டில். பூட்ஸிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? ஆண்டு கண்டுபிடிக்க முடியுமா? தபால் அட்டை அளவு, ஓரத்தில் நீலமாக மினுங்குகிறது.

லாடம்:
நம் பாதக்குறடு போல முழுக்கட்டை அல்ல அது. அடி மட்டும்தான் கட்டை (ஆல்டர், சிக்காமோர் அல்லது பீச் மரம்), மேலே தோல். கட்டையின் விளிம்பில் படி வெட்டி, தோலை அதில் இழுத்து வைத்து, மேலே மெல்லிய தோல் பட்டை சுற்றி நெருக்கமாகச் சிற்றாணி அடிப்பார்கள். படத்தைப் பெரிதாக்கினால் தோலும் கட்டையும் சேருமிடத்தில் அந்த ஆணி வரிசை புள்ளி புள்ளியாகத் தெரியும். முனையில் பித்தளைத் தகடு இருந்தால் வெளுத்துப் பளிச்சிடும். அடியில் குதிகாலுக்கு ஒன்று, முன்பாதத்துக்கு ஒன்று என இரும்பு லாடம்.

நான் முதலில் பார்ப்பது முனையைத்தான். கட்டை வளையாது, அதனால் நடக்கும்போது பாதம் உருண்டு எழும்புவதற்காக முனையைத் தூக்கிச் செதுக்குவார்கள். சும்மா நிற்கும்போதே முனை தரையைத் தொடாது. பழகிய பூட்ஸில் விரல் மடியுமிடத்தில் குறுக்கே ஆழமான சுருக்கம் விழும், கிளாக்கில் அப்படி விழாது. பெண்களுடையதில் பித்தளைக் கொக்கியைத் தேடுங்கள். ஆண்கள் நாடா கட்டியதும் உண்டு.

பஞ்சுமூட்டை:
ஒரு எச்சரிக்கை. கிளாக் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக 'ஆலைத் தொழிலாளி' என்று குறித்துவிடாதீர்கள். சுரங்கத்திலும் பண்ணையிலும் அதையேதான் போட்டார்கள். மியூல் நூற்பு எந்திரத்தில் நின்றவர்களோ எண்ணெய் வழுக்கும் தரையில் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். பர்ன்லி நெசவு ஊர் என்பதால் தறிக்கூடம் பொருந்தி வரும். நூல் அறாமலிருக்க அங்கே காற்றை ஈரமாக வைப்பார்கள். ஈரத்தில் தோல் அடி ஊறிக் கெட்டுவிடும். கட்டை தாங்கும், குளிரும் ஏறாது. தேய்ந்தால் லாடத்தை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது பழைய ஆணித் துளைகளில் மரச்சிம்பு அடைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள், இல்லாவிட்டால் ஆணி பிடிக்காது.

தோலில் கீறிப் போட்ட கோலம் தெரிந்தால் அது வேலைக்கல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளும் நல்ல கிளாக்காக இருக்கலாம்.

வெள்ளியுப்பு:
நீல மினுமினுப்பு, படத்திலுள்ள வெள்ளி மேலே வந்து படிவதால் ஏற்படுவது. துடைக்காதீர்கள், தண்ணீர் படவே கூடாது. கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் தூசி ஊதினால் போதும். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், 3.5 × 5.5 அங்குல அட்டைக்கு 4200 × 6600 பிக்சல் கிடைக்கும், ஆணி தெரிய அது தேவை. அட்டை வளைந்திருந்தால் அழுத்த வேண்டாம், மேல்பூச்சு வெடிக்கும். மெல்லிய ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் வகை உணரியில் கண்ணாடியைத் தொடாத இடம் மங்கிவிடும். சிசிடி வகை உணரி உள்ள ஸ்கேனர் பரவாயில்லை. மினுங்கும் ஓரத்தை, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கேமராவில் எடுங்கள்.

பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது?

தறிநாடா:
நடுவில் கோடு. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் 'உள்நாடு ½ பென்னி'. எழுதவில்லை, முத்திரையும் இல்லை.

வெள்ளியுப்பு:
அப்படியானால் நல்ல பிடி கிடைத்துவிட்டது. பிரிட்டனில் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்த (ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி முகவரிக்கு) தபால் அட்டைக்கு அனுமதி வந்தது 1902இல். உள்நாட்டுக் கட்டணம் ½ பென்னியிலிருந்து 1 பென்னியானது 1918 ஜூன் 3இல். அட்டை அச்சானது இந்த இடைவெளியில்தான். இப்படிப் பின்பக்கம் அச்சிட்ட படத்தாள் மிச்சமிருந்தால் புகைப்படக்காரர்கள் பிறகும் பயன்படுத்தியிருப்பார்கள், ஆகவே மேல் எல்லையில் ஓரிரு ஆண்டு தளர்த்திக்கொள்ளுங்கள். பாவாடை நீளத்தை வைத்து இன்னும் நெருக்க வேண்டாம். 1915 வாக்கில் நாகரிகப் பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறியது உண்மை, ஆனால் வேலைக்குப் போன பெண்கள் அதற்கு முன்பே குட்டையாகத்தான் கட்டினார்கள்.