சரிவு நிலத்தில் மண் அரிப்பு: வரப்பா, மரமா?

பென்னாகரம் விவசாயி: எங்கள் செம்மண் சரிவில் கோடை மழைக்கே மேல்மண் கரைந்து ஓடுகிறது. முதலில் வரப்பு போடுவதா, மரம் நடுவதா?

தேன்கனிக்கோட்டை வாசகர்: வரப்புதான், ஐயா. ஆனால் அது சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டில் அமைய வேண்டும்; மேலிருந்து கீழாகப் போட்டால் அதுவே வாய்க்காலாகிவிடும். அதன்மேல் வெட்டிவேர் நடுங்கள். வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் ஆழமாக இறங்குவதால் பயிரோடு போட்டியிடாது.

பாலக்கோடு வாசகர்: புங்கனும் நல்லது. அதன் வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்குகிறது. முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும்; பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பென்னாகரம் விவசாயி: சருகை எரிக்கலாமா?

தேன்கனிக்கோட்டை வாசகர்: கூடவே கூடாது. மழைத்துளி வெற்று மண்ணில் அறையும்போது துகள்கள் சிதறி நுண்துளைகளை அடைத்துவிடுவதால்தான் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது. அந்த அடியைச் சருகு தாங்கிக்கொள்ளும்.