எக்ஸ்க்ளூசிவ் மோடுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்?

வணக்கம் எல்லாருக்கும்,

பாட்டு பிளேயர் மொழிபெயர்ப்புல அவுட்புட் செட்டிங்ஸ் பக்கம் மட்டும் இழுத்துக்கிட்டே கெடக்கு. ஷேர்டு மோடு, எக்ஸ்க்ளூசிவ் மோடு ரெண்டுக்கும் சொல் முடிவாகல. ‘தனியுரிமை முறை’ வேணாம், அத பிரைவசிக்குக் குடுத்து ரொம்ப நாளாச்சு, பாட்டு கேக்க வந்தவன் பாஸ்வேர்டு கேக்குமோன்னு முழிப்பான். ‘பிரத்தியேக முறை’ அர்த்தம் சரிதான், ஆனா நகைக்கடை விளம்பர வாடை அடிக்குது.

உள்ள நடக்குறத வச்சு யோசிப்போம். விண்டோஸ்ல சாதாரணமா, அதாவது ஷேர்டு மோடுல, பிளேயர், பிரவுசர், தோடி ஆலாபனை நடுவுல வந்து விழுற மெயில் ‘டிங்’ எல்லாமே ஒரே மிக்சர்ல கலந்துதான் சவுண்டு கார்டுக்குப் போகுது. அந்த மிக்சர் ஒரே சாம்பிள் ரேட்லதான் (ஒரு செகண்டுக்கு ஒலிய எத்தன தடவ அளந்து எழுதுறோம்ங்கற கணக்கு) ஓடும், அது 48000ல இருந்தா 44100ல பதிஞ்ச சிடி பாட்டோட ஒவ்வொரு 147 சாம்பிளையும் கணக்குப் போட்டு 160 ஆக்கி அனுப்பும். எக்ஸ்க்ளூசிவ்ல பிளேயரே நேரா கார்ட புடிச்சுக்கும், கலக்குறதும் இல்ல மாத்துறதும் இல்ல, கார்டு ஏத்துக்கிட்டா 44100 அப்படியே போயிடும். விண்டோஸ் விஸ்டாவுல வந்த வசாபிலதான் (WASAPI, ஆப்ப சவுண்டு கார்டோட இணைக்கிறது) இந்த ரெண்டு மோடும் இருக்கு. விண்டோஸோட பழைய இணைப்பு, டைரக்ட்சவுண்டுன்னு மெனுவுல தனியா தெரியுதே, அதுவும் விஸ்டாவுக்கு அப்புறம் அதே மிக்சர் வழியாத்தான் போகுது. மெனுவுல இருக்குற ஆசியோ (ASIO) வேற ஜாதி, ஸ்டெயின்பெர்க் கம்பெனி ரெக்கார்டிங்ல தாமதம் கொறையணும்னு பண்ணது, சும்மா பாட்டு கேக்க அது தேவைப்படாது, பேரையும் அப்படியே விட்டுடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர்காரங்க எந்த மோடு வச்சாலும் ஒண்ணுதான், எப்படியும் சுருக்கித்தான் அனுப்பும்.

எங்க மேல்மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் போக ஷேர் ஜீப்புன்னா வழில கை காட்டுறவங்க எல்லாரும் ஏறிக்குவாங்க, தனி வண்டி பேசிட்டா நாம மட்டும்தான். அதுலேர்ந்து ‘பொதுவழி’, ‘தனிவழி’ன்னு வைக்கலாமா? சிரிக்கிறவங்க சிரிங்க. ‘தனித்தடம்’னும் பாத்தேன், ஆனா ட்ராக்குக்குத் தடம்னு ஏற்கனவே போட்டுட்டோம், குழம்பும்.

கொடைக்கானல்லேர்ந்து

——

> ‘பொதுவழி’, ‘தனிவழி’ன்னு வைக்கலாமா?

அண்ணே, வழின்னா மத்தவங்களுக்கு வேற வழி இருக்குன்னு ஆயிடுதே. அங்கதான் அது இல்ல. இந்த மோடுல பாட்டு ஓடுறப்போ பிரவுசர்ல வீடியோ போட்டா சத்தமே வராது. எங்க கடைக்கு ஸ்பீக்கர் போச்சுன்னு தூக்கிட்டு வர்றவங்கள்ல சிலருக்கு இதான் விஷயம், விண்டோஸ் சவுண்டு செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டேப்ல எக்ஸ்க்ளூசிவ்வ அனுமதிக்கிற டிக்க எடுத்துட்டா சரியாயிடும். சொல்லப் பாத்ததுமே ‘ஒருத்தன் புடிச்சு வச்சிருக்கான்’னு தெரியணும். நீங்களே மேல ‘கார்ட புடிச்சுக்கும்’னுதான எழுதியிருக்கீங்க, ‘தனிப்பிடி’ன்னே வைங்களேன்? ஷேர்டுக்கு ‘பொதுப்பயன்’ போதும்.

வத்தலக்குண்டுலேர்ந்து

——

தனிப்பிடி நல்லாருக்கு தம்பி, என் சொல்ல விட எடுப்பா இருக்கு. ஃபைல்ல மாத்திட்டேன், கீழ சின்ன எழுத்துல ‘இது ஆன்ல இருந்தா மத்த ஆப்ல சத்தம் வராது’ன்னும் சேத்துட்டேன். முறைங்கற ஒட்டு ரெண்டுலயும் வேணாம், பட்டன்ல எடம் பத்தல. யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க.